உணவுப் படிப்பும் நம் பிள்ளைகளும்

(சத்துவாச்சாரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, பிள்ளைகளை எந்தக் காலேஜில் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு யோசனை நடக்கிற சமயம் இது. ஆகவே உணவுச் சத்தைப் பற்றிய காலேஜ் படிப்பைக் குறித்துப் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். சுயமரியாதைக்காரர்கள் மேடையில் சாமியைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும் பேசாமல், காலேஜையும் சோற்றையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால், இந்த நாட்டில் யார் எதைப் படிக்கலாம் என்பதையும், யார் எதைத் தின்னலாம், யாரோடு உட்கார்ந்து தின்னலாம் என்பதையும் ஜாதியல்லாமல் வேறு எது தீர்மானித்து வந்திருக்கிறது? நம் இயக்கம் தோன்றுகிற காலத்தில் தமிழ்நாட்டையே கலக்கிய சேரன்மாதேவி குருகுலத் தகராறு எதைப் பற்றியது? காங்கிரசின் பணத்தில் நடந்த பள்ளியில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்பதைப் பற்றியதுதானே? அது நடந்தது 1924, 1925-ம் வருஷங்களில். அதற்கு முன்பே, 1920-ல், சர். பி. தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபையானது ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போட்டது. ஆகையால், சோறும் படிப்பும் நமக்குப் புது விஷயமல்ல.

முதலாவதாக, இந்தப் படிப்பைப் பற்றி நம் ஜனங்களுக்குள்ள அபிப்பிராயத்தைப் பார்ப்போம். "சமையல் படிக்கக் காலேஜா? அதை வீட்டிலேயே படித்துக் கொள்ளலாமே" என்கிறார்கள் ஆண்கள். "கட்டிக் கொடுத்த இடத்தில் உதவும், படிக்கட்டும்" என்கிறார்கள் பெண்கள். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்லுகிறார்கள். அதாவது, பெண் அடுப்பங்கரைக்குப் பிறந்தவள் என்று. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வீட்டில் சம்பளமில்லாமல் செய்தால் சமையல் பெண்ணுடைய வேலை. கல்யாணத்திலும், ஓட்டலிலும், கோயில் மடைப்பள்ளியிலும் கூலிக்குச் செய்தால் மட்டும் அது ஆணுடைய வேலையாகி விடுகிறது! காசு வருகிற இடத்தில் ஆண், காசு வராத இடத்தில் பெண் என்பதைத் தவிர இதில் வேறு என்ன தத்துவம் இருக்கிறது?

நாம் சொல்லும் படிப்பு சமையல் படிப்பல்ல. சாப்பிட்ட சோறு வயிற்றில் என்னவாகிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது, சிறுநீரகம் கெட்டவனுக்கு உப்பும் பருப்பும் எவ்வளவு கொடுக்கலாம், பிரசவித்தவளுக்கு எவ்வளவு வேண்டும், பிள்ளை ஏன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்பவைகளை இரசாயனத்தைக் கொண்டும், உடற்கூற்றைக் கொண்டும், கணக்கைக் கொண்டும் தெரிந்து கொள்ளுகிற படிப்பு அது.

இப்படிப்பட்ட ஆராய்ச்சி இந்தியாவில் வேரூன்றியது நம் தமிழ்நாட்டு மண்ணில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1918-ல் நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஓர் அறையை வைத்துக் கொண்டு ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் 'பெரி-பெரி' என்னும் நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்ற பெயருடன் இருந்து வருகிறது. மக்காரிசன் எலிகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூண்டுக்கும் இந்தியாவில் ஒவ்வொரு பகுதியார் சாப்பிடுகிற சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும், பாலும், பருப்பும், காய்கறியும், அவ்வப்போது மாமிசமும் தின்கிற பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. அரிசிச் சோற்றை மட்டும் நம்பியிருந்த நம் மதராஸ் சாப்பாட்டைத் தின்ற எலிகள் சோனியாயின. எலிக்குக் குலதெய்வமும் இல்லை, ஜாதகமும் இல்லை. ஆகவே, அது மெலிந்ததற்கு யாரும் சனி பிடித்ததென்று சொல்ல முடியவில்லை.

பெரி-பெரி என்பது கைகால் மரத்து, நரம்பு தளர்ந்து, சிலருக்கு உடம்பு வீங்கி, இருதயம் கெட்டு உயிரையே வாங்குகிற நோய். மிஷினில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியையே பெரும்பாலும் தின்றவர்களிடம் அது அதிகமாயிருந்தது; புழுங்கலரிசி தின்றவர்களிடம் குறைவாயிருந்தது. காரணம் என்ன? நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, உமிக்கு அடியிலுள்ள தவிட்டுப் பாகத்திலிருக்கும் 'பி-1' என்ற சத்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. இப்பொழுது நம் வைதிகர்களைக் கேளுங்கள். சடங்குக்கு எந்த அரிசி ஆகும்? பச்சரிசிதான் ஆகும், புழுங்கலரிசி ஒரு முறை வெந்தது, ஆகையால் தீட்டு! உயிரைக் காப்பாற்றுகிற அரிசி தீட்டு, நோயைக் கொடுக்கிற அரிசி மடி என்றால், அந்தச் சாஸ்திரத்தை எழுதினவனுக்கு அரிசியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கீதையின் பதினேழாவது அத்தியாயமோ இன்னும் ஒரு படி மேலே போய், சாப்பாட்டைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று மூன்று ஜாதியாகவே பிரித்து, இரவு கடந்த சோற்றைத் தாமசத்தில் தள்ளி விட்டது. அதாவது, விடியற்காலையில் பழையதைக் குடித்து விட்டு வேலைக்குப் போகிற நம் ஜனங்கள் அத்தனை பேரும் தாமசப் பேர்வழிகள்! வேலைக்குப் போகாமல் நெய்யும் பாலும் சாப்பிடுகிறவன் சாத்வீகன்!

இந்த மடமைகள் பழைய ஏட்டோடு நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. பிரசவமானவுடன் வருகிற சீம்பாலைக் கறந்து கீழே கொட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லி, நன்றாய்ச் சாப்பிட வேண்டிய நாளில் அரை வயிறு போடுகிறார்கள். 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. பாதிக்கு மேல்! ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின் முன்னால் பொழுதெல்லாம் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். இந்தக் கணக்கு அவர்களையும் சேர்த்ததுதான். அவர்களில் ஒருத்திக்குத் தலை சுற்றினால், வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவதா அல்லது அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பதா?

யார் கேட்பது என்பதுதான் நாம் இன்று வற்புறுத்த வந்த விஷயம். மாமிசத்திலுள்ள இரும்புச் சத்து கீரையிலுள்ள இரும்புச் சத்தைவிட வெகு சுலபமாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சேருவது குறையும். எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக் கொண்டால் கூடும். இதெல்லாம் விஞ்ஞானம் தீர்மானித்து விட்ட விஷயம். நம் பக்கத்தில் தோல் தொழிலைச் செய்து வந்த ஜனங்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிற மாமிசம் மாட்டுக்கறி. ஆனால் இரத்த சோகைக்காரிக்கு எழுதிக் கொடுக்கிற சாப்பாட்டுச் சீட்டில் மாட்டுக்கறி என்ற வார்த்தையை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பேரீச்சம்பழமும், பாதாம்பருப்பும், மாதுளம்பழமும் இருக்கும். ஏன்? எழுதுகிறவர் வீட்டுச் சமையலறையில் மாட்டுக்கறி இல்லை. அவர் கெட்டவரல்ல; தம் வீட்டில் இல்லாதது உலகத்திலும் இல்லையென்று நினைத்துக் கொண்டிருப்பவர், அவ்வளவுதான். களியும், கருவாடும், கூழும் அப்படியே விட்டுப் போகின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கிறது. களி தின்கிறவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த நம் ஊர்ப் படித்த மனிதர்களுக்கு, அதே கேழ்வரகைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றி விற்றபிறகுதான் புத்தி வந்தது.

இது வெறும் சாப்பாட்டுச் சீட்டோடு நிற்கிற காரியமுமல்ல. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று சர்க்கார் அதிகாரிகளே ஏற்பாடு செய்தார்கள். ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி விற்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். கண்டனம் கிளம்பியது, கடைசியில் மழையைக் காரணங்காட்டித் திருவிழாவையே ஒத்தி வைத்தார்கள். 2021-ல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை போடுவதென்றவுடன் சில மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். இப்படிப்பட்ட சமயங்களில், "முட்டையில் இன்ன சத்து இவ்வளவு இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு வேண்டும்" என்று புள்ளி விவரத்தோடு எழுந்து நின்று சொல்ல, பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் இருக்க வேண்டாமா? மேடையில் நாம் நூறு தடவை கத்துவதை விட, ஆஸ்பத்திரியிலும் சத்துணவு ஆபீசிலும் அப்படிப்பட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அதிகப் பலன் தரும்.

சரி, எந்தப் பட்டத்தைப் படிப்பது? இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், உத்தியோகமோ வெவ்வேறு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு வகுக்கிற 'டயட்டீஷியன்' வேலைக்குப் போக நினைத்தால், பி.எஸ்ஸி.-யில் 'நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்' அல்லது 'கிளினிக்கல் நியூட்ரிஷன்' என்ற பெயருள்ள படிப்புத்தான் நேர்வழி. நம் பக்கத்துக் காலேஜுகளில் 'நியூட்ரிஷன், ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மெண்ட் அண்ட் டயட்டெடிக்ஸ்' என்று நீளமாயிருப்பதும் அதே இனந்தான். மனையியல் என்கிற 'ஹோம் சயன்ஸ்' பழைய படிப்பு. அதில் உணவோடு துணி, குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம் எல்லாம் கலந்திருக்கும். அங்கன்வாடித் திட்டத்தில் மேல் உத்தியோகம் பார்க்க நினைக்கும் பெண்களுக்கு அது உதவக்கூடும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் அதன்மேல் உணவியலில் எம்.எஸ்ஸி. படித்தாக வேண்டும். 'ஃபுட் டெக்னாலஜி' என்பதோ தொழிற்சாலைப் படிப்பு. பிஸ்கட்டும், பாலும், எண்ணெயும் கெடாமல் செய்வது எப்படி என்பது அதன் வேலை. 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு அதிகாரி விதிகளில் அந்தப் பட்டத்துக்கு இடமுண்டு. அது கெட்ட படிப்பல்ல. ஆனால் அதைப் படித்து விட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது, தையல் படித்தவன் தறி வேலை கேட்பதைப் போன்றது.

பெண்களால் இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பழைய வடாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த செங்கத்தில் 1919-ல் பிறந்த இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், அமெரிக்கா சென்று ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து, 1957-ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் காலேஜை நடத்திப் பெரிய பல்கலைக்கழகமாக வளர்த்தார். 1992-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலேஜில் நாலு வருஷப் படிப்பாகவே இது இருக்கிறது. தூரம் என்று பயப்படாதவர்கள் இவைகளையும் விசாரிக்க வேண்டும். நம் பக்கத்துக் காலேஜுகளில் பெரும்பாலானவை, 2002-ல் ஏற்பட்டு இன்று சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளவை.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் இரசாயனச் சாலையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பிள்ளைகள் வேலை செய்த அடையாளம் இருக்கிறதா, அல்லது பூட்டித் தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருஷத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். "ஏற்பாடு செய்வோம்" என்று பதில் வந்தால் ஏற்பாடு இல்லையென்று அர்த்தம். பாடத்திட்டத்தில் உயிர் இரசாயனம், உடற்கூறு, நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகியவைகள் இருக்க வேண்டும். இவைகளுக்குப் பதிலாகப் பேக்கரியும் பூ அலங்காரமும் அதிகமாயிருந்தால், அது பட்டப் படிப்பு வேஷம் போட்ட கல்யாணப் படிப்பு. சம்பளம் கட்டிப் படிக்கத் தக்கதல்ல. பட்டத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போடும்போது, விளம்பரத்தில் உள்ள பெயரும் உங்கள் பட்டத்தின் பெயரும் ஒத்துப் போகாவிட்டால், இரண்டும் சமம் என்பதற்குச் சர்க்கார் உத்தரவைத் தேடி அலைய நேரிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2021-ல் இந்திய சர்க்கார், வைத்தியத்தைச் சேர்ந்த மற்றத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதில் டயட்டீஷியனும், நியூட்ரிஷனிஸ்டும் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின்படி பட்டப் படிப்புக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பாடமும் பயிற்சியும் வேண்டும். உங்கள் காலேஜில் எத்தனை மணி நேரம் என்று கேட்பது உங்கள் உரிமை. இந்தச் சட்டத்தை ஒட்டியே, பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-ல் தபால் வழியிலும், கம்ப்யூட்டர் வழியிலும் இப்படிப்பட்ட சத்துணவுப் படிப்புகளைப் புதிதாக நடத்தக் கூடாதென்று தடுத்து விட்டது. ஆகவே வீட்டிலிருந்தே படித்து டயட்டீஷியன் ஆகலாம் என்று யாராவது துண்டு நோட்டீஸ் கொடுத்தால், பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஆறு வாரச் சர்டிபிகேட்டை மாட்டிக் கொண்டு, மெலிவதற்கும் கொழுப்பதற்கும் ஒரே பொடியை விற்கிறவர்களைப் பார்த்து இதுதான் இந்தத் தொழில் என்று எண்ணி விடவும் வேண்டாம். அது பழைய மந்திரத் தாயத்து வியாபாரமே. டப்பா மட்டும் புதிது. விதிகள் இன்னும் மாறி வருவதால், சேருகிற வருஷத்து அறிவிப்பைப் படித்து விட்டே மனுப்போட வேண்டும்.

மூன்று வருஷம் படித்தவுடன் கைநிறையச் சம்பளம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் காலேஜுத் தரகர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் நல்ல இடம் வேண்டுமானால், பி.எஸ்ஸி.-க்கு மேல் எம்.எஸ்ஸி. அல்லது உணவியலில் டிப்ளமோ படித்து, ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பழகி, இந்திய உணவியலார் சங்கம் நடத்துகிற பரீட்சையில் தேறி, 'ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்' என்று பெயர் பெறுவது உதவும். ஆக, ஐந்தாறு வருஷத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அத்தனை வருஷம் பெண்ணை வைத்திருக்க முடியுமா, கல்யாணம் செய்ய வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. பெண்ணை வைத்திருப்பது என்றால் என்ன? அவள் என்ன அடகு நகையா? ஐந்து வருஷம் கழித்துத் தன் சம்பளத்தில் நிற்கிறவளுக்கு, தனக்குப் பிடித்தவனைத் தேடிக் கொள்ளத் தெரியாதா?

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை உங்களில் பெரியவர்கள் அறிவீர்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட நம் இயக்கத்துப் பெண்மணி. அவர் பெயரில் நடந்து வந்த கல்யாண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்குத் தங்கம் கொடுத்து வந்தார்கள். அவர் பெயரை வைத்துத் தாலிக்குத் தங்கமா என்று நமக்குச் சிரிப்பாயிருந்தது. 2022-ல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து விட்டுக் காலேஜில் சேருகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று செய்தார்கள். 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கும் அதுபோல ஒரு திட்டம் வந்தது. சேரும்போதே காலேஜு ஆபீசில் இவைகளுக்கான மனுவைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவனுக்குத் தானாகக் கொண்டு வந்து கொடுக்கிற ஆபீசை நாம் பார்த்ததில்லை.

ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லுகிறோம். இந்தப் படிப்பு பெரும்பாலும் பெண்கள் காலேஜுகளிலேயே இருப்பதால், உங்களுக்கு இடம் தேடுவது சற்றுக் கஷ்டம். இருபாலரும் படிக்கும் இடங்களும் உண்டு, தேடுங்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள். நம் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் வந்து, லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்கி, அடுப்பு வாடகைக்கு எடுத்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் போய் மீனை எவ்வளவு தின்னலாம், சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்று அவர்கள் பாஷையில் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது. பிளஸ் ஒன்னில் சேரப் போகிற பிள்ளைகள் இரசாயனமும் உயிரியலும் உள்ள பிரிவை எடுங்கள். அதை விட்டு விட்டால் பிறகு பல காலேஜுகளின் கதவு திறக்காது.

நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டுமென்பதில்லை. காலேஜுக்குப் போய்ப் பாருங்கள், அங்கே படித்து வெளிவந்த பெண்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள், பெண்ணையும் கூடவே கூட்டிக் கொண்டு போங்கள். படிக்கப் போகிறவள் அவள்தான். மனுப்போடத் தெரியாதவர்கள், மதிப்பெண் பட்டியலையும் ஜாதிச் சர்டிபிகேட்டையும் வைத்திருந்தால், கூட்டம் முடிந்ததும் மேஜைக்குப் பக்கத்தில் வாருங்கள். ஜாதி ஒழிய வேண்டுமென்கிறவர்கள் ஜாதிச் சர்டிபிகேட் கேட்கிறார்களே என்று அந்தக் கோடியில் ஒரு தோழர் சிரிக்கிறார். ஆயிரம் வருஷமாக அதே ஜாதியைச் சொல்லித்தானே இந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள்? உள்ளே போகிறவரையில் அந்தக் காகிதம் இருக்கட்டும். வரிசையாக வாருங்கள், தாய்மார்கள் முதலில்.